உன் மகளைப் பற்றி நான் நேரலையில் சொன்னது

என் உயிர்த்தோழி பியூலாவுக்கு,

ஏளா, நீ போய் ரெண்டு வருசம் ஆகப்போகுது. இதுவரைக்கும் உனக்கு நான் ஒரு கடுதாசி எழுதினதில்ல. நீ இருந்தப்பவே எழுதினதில்ல, வாட்ஸப்புல ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வஞ்சுக்கிட்டதோட சரி. இப்ப எழுதுதேன்னா, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். உன் மவ ஜெமிமாவை, ஊர் உலகம் பூரா பாத்துக்கிட்டிருக்க, டிவியில களவாணின்னு சொல்லாத குறையாச் சொல்லிட்டேன்.

பொறு. முழுசாக் கேட்டுட்டு அப்புறமா வையி.

நான் டிவிக்குப் போன கதை உனக்குத் தெரியும், இதைப் பத்திரிகையில படிக்கிற மத்தவங்களுக்குத் தெரியாது. ஓடி ஓடி முட்டி போனதுக்கப்புறம், பேட்டையில எங்க அண்ணன் பட்டறையில போன் எடுத்துப் பேசிக்கிட்டிருந்தேன். சென்னையில ஒரு விளையாட்டுச் சேனல்ல, மைதானத்துல ஓடியாடின பொம்பளை ஒருத்தி பேசுறதுக்கு வேணும்னு கேட்டாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீதான் புடிச்சுத் தள்ளினே. "ஏட்டி, நீ கிரவுண்டுல சும்மாவே பேசினதை இனி அவனுவ கூலி குடுத்துக் கேக்கப் போறானுவ. போ"ன்னே.

போனேன். பதினோரு வருசம். கபடிக்குப் பேசினேன், கால்பந்துக்குப் பேசினேன், கேரம்போர்டுக்குக்கூட மூச்சுவிடாமப் பேசினேன். என் டிவித் தமிழைக் கேட்டு நீ விழுந்து விழுந்து சிரிப்பே. "'அங்கன', 'இங்கன', 'பைய'ன்னு பேசுத வாயா இது? 'பைய' போயி 'மெதுவாக'வாம்ல!" நிகழ்ச்சி முடிஞ்சு நான் முகத்துப் பவுடரைத் துடைக்கிறதுக்குள்ள உன் மெசேஜ் வந்து நிக்கும். "இன்னைக்கு 'வந்து வந்து'ன்னு பதினேழு தடவை. அந்தப் பச்சைச் சேலையை இனிமே கட்டாத. மூணாவது பாயிண்டு அந்தப் பொண்ணோடது, நீ பேரை மாத்திச் சொல்லிட்டே." எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். ஆனா மறுநாள் திருத்திக்கிடுவேன்.

நீ போனதுக்கப்புறம் எனக்கு எல்லாரும் நல்லாப் பேசினீங்கன்னு மட்டும்தான் சொல்லுதாங்க. அதுலதான் கெட்டேன்.

போன மாசம் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாநில ஓட்டப் போட்டி நம்ம பாளை மைதானத்துல நடந்துது. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நேரலை. நான்தான் தொகுப்பாளர். நம்ம ஊர், நம்ம மைதானம், நம்ம ஆட்டம். மத்த ஆட்டம் எதுக்குப் போனாலும் முந்தின நாளே விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வச்சுப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிப்பேன். இதுக்குப் படிக்கலே. ஓட்டத்தைப் பத்தி எனக்கு எவன் சொல்லித் தரணும்? அந்தத் திமிருதான்.

சனிக்கிழமை சாயங்காலம் நானூறு மீட்டர் தொடரோட்டம். நாலு பிள்ளைக, ஆளுக்கு நூறு மீட்டர், கையில இருக்கிற பேட்டன் குச்சியை அடுத்தவகிட்ட ஓடிக்கிட்டே குடுக்கணும். திருநெல்வேலி அணியில கடைசி ஓட்டம் உன் மவ. நான் உக்காந்து பேசப் பெட்டிமாதிரி ஒரு மேடை, மேலே தகரம், உள்ள வெக்கை. என் காதுல தயாரிப்பாளர் ராகவ் பேசிக்கிட்டே இருக்கான், சென்னைப் பையன். "அக்கா, லோக்கல் டீம், கொஞ்சம் ஏத்தி விடுங்க."

ஏத்தி விடுறதுக்கு முன்னால கண்ணு அங்கன போயிட்டு. மூணாவது ஓடுற பிள்ளை புயலா வந்தா. ஜெமி கிளம்பி நாலஞ்சு எட்டுதான் வச்சிருப்பா. அதுக்குள்ள பேட்டன் அவ கைக்கு வந்துட்டு. நாம ஓடுன காலத்துல பேட்டன் மாத்துறதுக்கு இருபது மீட்டர் இடம். அதுக்கு முன்னால பத்து மீட்டர் சும்மா ஓடிக்கிடலாம், வாங்கக் கூடாது. வாங்கினா அணியே வெளிய. ஜெமி வாங்கினது அந்தப் பத்து மீட்டருக்குள்ள.

ஏளா, எனக்கு அப்ப ஜெமி தெரியல. நாம ஒண்ணா ஓடித் தோத்த திருச்சி மைதானந்தான் தெரிஞ்சுது. நீ மூணாவது, நான் நாலாவது. சிவப்புக் கொடி. நம்ம அணி வெளிய.

வாய் தன்னால பேசிட்டு. "இது தவறு. கோட்டுக்கு முன்னாலேயே பேட்டனை வாங்கிவிட்டார். நடுவர்கள் கவனிக்கவில்லை." அதோட விட்டேனா? மெதுவாக ஓடுற காட்சியைப் போடச் சொல்லி, திரையில பேனாவால ஜெமி கையைச் சுத்தி வட்டம் போட்டுக் காட்டினேன். ராகவ் காதுல, "சூப்பர்க்கா, சூப்பர்"ங்கான். அங்கன உன் மவ முதல்ல வந்து, பிள்ளைக நாலும் கட்டிப் புடிச்சுக் குதிக்குதுக. இங்கன நான் வட்டம் போட்டுக்கிட்டிருக்கேன்.

ரெண்டாவது வந்த அணிக்காரங்க போன்ல அதைப் பாத்துட்டு ஆட்சேபணை எழுதிக் குடுத்துட்டாங்க. பதக்க மேடையில ஏறப்போன பிள்ளைகளை இறக்கி, ஓரமா உக்கார வச்சாங்க. முக்கால் மணி நேரம். நாலும் வேர்த்த உடம்போட தரையைப் பாத்துக்கிட்டு இருந்துதுக. ஜெமி மட்டும் தலையைத் தூக்கி என் மேடையைப் பாத்தா. அந்தப் பார்வையை நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

கடைசியில ஒரு வயசான நடுவர் புத்தகத்தோட மேடைக்கு ஏறி வந்தாரு. மைக்கை அணைக்கச் சொல்லிட்டு, "யம்மா, நீ எந்தக் காலத்து ஓட்டக்காரி? அந்தச் சட்டத்தை மாத்தி வருசம் பல ஆயிட்டு. இப்ப முப்பது மீட்டரும் மாத்துற இடந்தான். பிள்ளை சரியான இடத்துலதான் வாங்கியிருக்கா"ன்னாரு. புத்தகத்தை விரிச்சும் காட்டினாரு. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கிடலாம் போல இருந்துது.

பதக்கம் குடுத்துட்டாங்க. ஆனா அதுக்குள்ள சேனல்காரங்க நான் பேசினதைத் துண்டா வெட்டி, "நேரலையில் அம்பலம்"னு தலைப்புப் போட்டு விட்டுட்டாங்க. பதக்கம் குடுத்ததைப் பாத்தவங்க மைதானத்துல இருந்தவங்க மட்டுந்தான். வட்டத்தைப் பாத்தவங்க எல்லாரும்.

ஞாயித்துக்கிழமை காலையில சமாதானபுரத்துல உன் வீட்டுக்குப் போனேன். மத்தியானம் மூணு மணிக்கு மறுபடி நேரலை, அதுக்குள்ள பிள்ளையைப் பாத்துரணும்னு. உன் வீட்டுக்காரர் ஜெபராஜ் அண்ணன் கதவைத் திறந்தாரு. வழக்கமா "வா முத்து"ம்பாரு. அன்னைக்கு வழிய மட்டும் விட்டு நின்னாரு.

"காலம்பற கோயிலுக்குப் போனோம். ஆராதனை முடிஞ்சதும் கூடிட்டாவ. 'பியூலாவும் இப்படித்தான போட்டியில இருந்து வெளிய போனா, தாயைப் போலவே மவளும்'னு ஒரு ஆளு சொல்லுது. பிள்ளை காதுபடச் சொல்லுது"ன்னாரு.

ஜெமி அடுப்பாங்கரையில நின்னு வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. நான் போய் அவ கையைப் புடிச்சேன். "ஜெமி, சித்தி தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுரு"ன்னேன். அழுதுட்டேன்.

அவ அழல. கையை உருவிக்கிட்டா.

"சித்தி, நீங்க சொன்னது எங்கன வச்சுச் சொன்னிய?"

"டிவியில."

"மன்னிப்பு மட்டும் அடுப்பாங்கரையில வந்து கேக்குதியளாக்கும்?"

அவ அதோட விடல. "அம்மாவும் இந்தத் தப்பத்தான் பண்ணினா, அவளே எங்கிட்ட சொல்லியிருக்கா. 'நான்தான் ரொம்ப வேகமா வந்து முத்து கையில முன்னாலேயே குடுத்துட்டேன்'னு. எங்க ரத்தத்துலயே அது இருக்கு போல சித்தி. நேத்து நான் சரியாத்தான் வாங்கினேன், ஆனா எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு"ன்னா.

பியூலா, நீ ஏன் அப்படிச் சொன்னே?

இப்ப ஊர் கேக்க எழுதுதேன். திருச்சியில நீ வேகமா வரலே. நீ சரியாத்தான் வந்தே. நான் தரையில போட்டு வச்ச அடையாளத்தை நீ தாண்டினதும் நான் கிளம்பியிருக்கணும். பக்கத்து லேன்காரி கிளம்புதாளான்னு அவளைப் பாத்துக்கிட்டு மரமா நின்னுட்டேன். நீ வந்து என்மேல மோதாத குறை, கோட்டுக்கு முன்னாலயே நான் வாங்கிட்டேன். சிவப்புக் கொடியைப் பாத்ததும் எல்லாருக்கும் முன்னால, "இந்த மூதி என்ன அவசரத்துல வந்தா"ன்னு உன்மேல பாய்ஞ்சேன். நீ வாயே திறக்கல. திருச்சியில இருந்து பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் யாரும் உங்கூடப் பேசல, நானும் பேசல. கயத்தாறு தாண்டினதும் நீதான் எங்கிட்ட, "பசிக்கா?"ன்னு கேட்டே.

அது யாரு தப்புன்னு உனக்குத் தெரியும்தானே? தெரிஞ்சேதான் இத்தனை வருசம் எங்கூடச் சிரிச்சுக்கிட்டு இருந்தியா? உன் மவகிட்டக்கூட என்னைக் காட்டிக் குடுக்காம?

ஜெமிகிட்ட அங்கனயே உண்மையைச் சொன்னேன். அவ கத்தியைக் கீழ வச்சா. "அப்ப அதையும் சேத்துச் சொல்லுங்க, சொன்ன இடத்துல"ன்னு மட்டும் சொன்னா. ஜெபராஜ் அண்ணன் முற்றத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. எனக்கு அவர் முகத்தைப் பாக்கத் தெம்பில்லாம வெளிய வந்துட்டேன்.

மைதானத்துக்குப் போய் ராகவ்கிட்ட, தொடக்கத்துலயே நான் திருத்தம் சொல்லணும்னேன். அவன் சென்னைக்குப் போன் போட்டான். அங்கன இருந்து எழுதி அனுப்பினாங்க: "நேற்றைய சர்ச்சை முடிவுக்கு வந்தது." அவ்வளவுதான், ஒரே வரி. "அக்கா, நீங்க தப்புன்னு சொன்னா சேனல் தப்புன்னு ஆயிடும். இந்த ஒரு லைனைப் படிச்சுட்டு மேல போயிடுங்க. உங்க கான்ட்ராக்ட் வேற அடுத்த மாசம் வருது, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்"ன்னான். நல்ல பையன்தான், பயந்துட்டான். எனக்கும் பயம்தான் ஏளா. நாப்பத்தி மூணு வயசுல முட்டி போனவளுக்கு வேற யாரு வேலை குடுப்பா? சர்ச்சையாம்ல. சர்ச்சைன்னா ரெண்டு பக்கம் இருக்கணும். இங்கன ஒரு பக்கம் பதினாறு வயசுப் பிள்ளை, இன்னொரு பக்கம் என் வாய்.

மூணு மணி. விளக்கு எரிஞ்சுது. ஆயிரம் தடவை கேமராவைப் பாத்தவ, அன்னைக்குத்தான் அது என்னைப் பாக்குத மாதிரி இருந்துது. அந்த ஒரு வரி எனக்கு முன்னால திரையில ஓடுது. அதை விட்டுட்டு ஆரம்பிச்சேன்.

"வணக்கம். நேற்று மாலை இதே இடத்தில் இருந்து நான் ஒரு பொய்யைச் சொன்னேன். தெரிந்து சொல்லவில்லை, தெரிந்துகொள்ளாமல் சொன்னேன். ஜெமிமா பேட்டனை வாங்கியது முழுக்க முழுக்கச் சரி. விதி மாறியது எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள் ஜெயித்தார்கள், நியாயமாக ஜெயித்தார்கள்..."

காதுல ராகவ், "அக்கா வேணாம், அக்கா போதும், பிரேக் போறோம், அஞ்சு, நாலு"ங்கான். நான் காதுல இருந்ததைப் பிடுங்கிட்டேன். டிவித் தமிழும் அதோட போயிட்டு. "அவ அம்மா பியூலாவும் தப்புப் பண்ணல. திருச்சியில நின்னது நான். நான்தான்"னு சொல்லிக்கிட்டே இருக்கேன், கேமராக்காரப் பையன் கையை ஆட்டுதான். முன்னால இருந்த திரையில சோப்பு விளம்பரம் ஓடிக்கிட்டிருந்துது.

ஜெமியைப் பத்திச் சொன்னது வெளிய போயிட்டு. உன்னைப் பத்திச் சொன்னது போகல. அதனாலதான் இந்தக் கடுதாசியைப் பத்திரிகைக்கு அனுப்புதேன். விளம்பரத்துக்குள்ள மாட்டிக்கிட்டது அச்சுலயாவது வரட்டும்.

சாயங்காலம் வேற ஒருத்தரை உக்கார வச்சுட்டாங்க. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? பேட்டையில அண்ணன் வீட்டுலதான் இருக்கேன். மதினி மூணு நேரமும் சோறு போட்டு, ஒண்ணுமே கேக்காம இருக்கா. அதுதான் பெரிய கொடுமையா இருக்கு.

இதோட முடிஞ்சிருந்தா உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன். சொல்லவேண்டியதைச் சொல்லியாச்சு, சரியாப் போச்சுன்னு நான் நினைச்சேன். பத்து நாள் கழிச்சு ஜெபராஜ் அண்ணன் போன் பண்ணினாரு. "முத்து, பிள்ளை ஓட்டம் சரியில்ல. அடுத்த மாசம் தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்காவ. அணியை விட்டு எடுத்துருவோம்னு கோச் சொல்லுதாரு. நீ வந்து ஒரு தடவை பாத்தா என்ன?"ன்னாரு.

காலையில ஆறு மணிக்குப் போனேன். ஓரமா நின்னு பாத்தேன். மூணாவது ஓடுற பிள்ளை வாரா, "கை"ன்னு கத்துதா. ஜெமி ஓடுதா, கை பின்னால வரல. பத்து மீட்டர் தாண்டுத வரைக்கும் வரவே இல்ல. அதுக்கப்புறம் பதறிக்கிட்டுக் கையை நீட்டுதா, பேட்டன் விரல்ல பட்டுக் கீழ விழுது. மறுபடி ஓடினா. மறுபடி விழுந்துது. மூணாவது தடவை கடைசிக் கோட்டையே தாண்டிப் போய் வாங்கினா. அதுதான் இப்ப நிசமான தப்பு.

நான் பக்கத்துல போனேன். ஜெமி குனிஞ்சு முட்டியில கை வச்சு மூச்சு வாங்கினா. "விதி தெரியும் சித்தி. சரின்னும் தெரியும். ஆனா அந்த இடத்துல கையை நீட்டப் போனா உங்க குரல் கேக்கு"ன்னா.

ஏளா பியூலா, நான் எந்தச் சாமிகிட்டப் போய் இதைச் சொல்லுவேன்? ஊர்கிட்டச் சொன்னதைத் திருப்பி வாங்கிட்டேன். பிள்ளை கைக்குள்ள போனதை எப்படி வாங்க?

"நான் என்ன செய்யணும், சொல்லு"ன்னு அவகிட்டயே கேட்டேன். அவ என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போய், முப்பது மீட்டர் தொடங்குற கோட்டுல நிறுத்தினா. "இங்கன நின்னு பேசுங்க. டிவியில பேசின மாதிரியே, அதே குரல்ல. நான் ஓடும்போது பேசுங்க"ன்னா.

இருபத்தி மூணு நாளா அதைத்தான் செய்யுதேன். மைக்கு இல்ல, விளக்கு இல்ல, கேக்குறதுக்கு நடக்க வந்த நாலு பேரும் ஒரு நாயும். "இதோ ஜெமிமா கிளம்புகிறார், பேட்டன் வருகிறது, இப்போதே வாங்கலாம், இது சரியான இடம், வாங்கலாம்"னு தொண்டை கிழியக் கத்துதேன். நடக்க வர்றவங்களுக்கு நான் பைத்தியம். கோச் முதல்ல முறைச்சாரு, இப்ப தண்ணி பாட்டில் குடுக்காரு. நேத்து ஒரே ஒரு தடவை ஆறாவது மீட்டர்ல கை பின்னால வந்துது. அடுத்த தடவை வரல. ஆள் எடுக்கிறதுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு.

வருமா ஏளா? அதுக்குள்ள அந்தக் கை வந்துருமா?

உனக்குச் சத்தியம் பண்ணித் தாரேன். சேனல் கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாட்டாலும் சரி, அணியில எடுத்தாலும் எடுக்காட்டாலும், விடியுமுன்ன அந்தக் கோட்டுல போய் நிப்பேன். "சித்தி, போதும், வாயை மூடுங்க, எனக்கு இப்ப என் குரலே கேக்கு"ன்னு உன் மவ என்னைப் பாத்துச் சொல்லுத வரைக்கும் பேசுவேன். அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு, அவ ஓடுறதை மட்டும் பாப்பேன்.

உன் மகளுக்குச் சித்தி,
திருச்சியில நின்னுட்டவ,
முத்துலட்சுமி
பேட்டை, திருநெல்வேலி